ஒரு மனு, இரண்டு நாடகங்கள்

சில்வர் பெயிண்டின் வாசனை பட்டால் சாமுண்டீஸ்வரிக்கு வயிற்றைப் புரட்டும். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவள் குடியிருந்த சந்தில் யாராவது இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தால், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றுவழியாகப் போவாள். அக்கம்பக்கத்தார் அவளுக்கு ஏதோ வியாதி என்று நினைத்தார்கள். அந்த வியாதிக்குக் கலை என்று பெயர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவளைப் பெற்றவர்கள் செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவர்கள். அவள் அம்பத்தூரில் தகர டப்பா செய்யும் கம்பெனிக்குப் போனாள். கம்பெனி ஆண்டு விழாவில் நாடகம் போட்டார்கள். கோடம்பாக்கத்திலிருந்து வரவேண்டிய நடிகை வரவில்லை. ஒத்திகை நடந்த கூடத்தைப் பெருக்கிப் பெருக்கியே வசனமெல்லாம் மனப்பாடமாகியிருந்த சாமுண்டீஸ்வரியை மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஏறியவள் இறங்கவில்லை. ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் அப்போது தடுக்கி விழுந்தால் ஒரு நாடக மன்றம். நடிப்பவர்கள் எல்லோரும் ஆலைகளில் வேலை பார்க்கும் ஆண்கள். தங்கள் வீட்டுப் பெண்களை மேடைக்கு அனுப்ப ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள். கற்பைப் பற்றி அவர்கள் எழுதிய வசனத்தைப் பேசுவதற்கு அடுத்தவன் மனைவியைக் கூட்டிவருவார்கள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று இருபது வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

சாமுண்டீஸ்வரி விஷயத்தில் அந்த அடுத்தவன் பெயர் தங்கவேல். லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு குடிச் சண்டையில் ஒருவனைக் கத்தியால் குத்தினான். குத்துப்பட்டவன் பிழைத்துக்கொண்டான். தங்கவேல் பட்டணத்துப் பெரிய ஜெயிலுக்குப் போனான்.

முதல் சிறை நாடகம் எண்பத்து நாலில். எழுதி இயக்கியவர் உலகநாதன். ஆவடியில் ராணுவத் தளவாட ஆலையின் கணக்குப் பிரிவில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சிறைச்சாலையை அவர் வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. சிறை நாடகம் எழுத அது ஒரு குறையென்று அவருக்குத் தோன்றவும் இல்லை. ஆனால் நாயகியாக நடிக்கும் சாமுண்டீஸ்வரியின் புருஷன் உள்ளே இருக்கிறான் என்று யாரோ சொன்னதும், ஒத்திகை இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார்.

"ஏம்மா சாமுண்டி, வீட்டுக்காரர் அங்கன இருக்காரு. நீ என்ன செய்வே? எப்படி நாளக் கடத்துதே?"

"இன்னா சார் செய்வாங்க? மனு பாக்கப் போவேன்."

"மனுவா?"

"ஆமா சார். மாசம் பொறந்தா மனு போட்டுருவேன். காத்தாலேர்ந்து நின்னுகினு இருக்கணும். மனு போடாம அந்த ஆள உட்டுற முடியுமா? கெடந்து சாவட்டும்னு?"

உலகநாதனின் கண்கள் கலங்கிவிட்டன. ஜெயிலில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கே மெட்ராஸில் மனு பார்ப்பது என்று பெயர். உறவுக்காரர் ஒரு மனுத் தாளை நிரப்பிக் கொடுத்தால் கைதியைக் கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டிவருவார்கள். அவ்வளவுதான் சமாசாரம். உலகநாதன் பிறந்த ஊரில் மனு என்றால் விண்ணப்பம், கலெக்டருக்கும் மந்திரிக்கும் கொடுப்பது. மாதம் தவறாமல் கணவனின் விடுதலைக்காக அரசாங்கத்துக்கு மனுப் போடும் ஒரு பத்தினி தன் எதிரே உட்கார்ந்து வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டிருக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

'கம்பிக்குள் கற்பூரம்' அப்படித்தான் பிறந்தது. செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்ற கணவன். காலில் செருப்பில்லாமல், கையில் மனுவோடு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் மனைவி. கடைசிக் காட்சியில் கவர்னரே அந்த மனுவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். "இது மனு அல்ல, மங்கையின் மாங்கல்யம்!" என்பது கவர்னர் பேசும் வசனம். கணவனாக நடித்தவர் கஜபதி. ஆலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார், உலகநாதனின் மச்சான். நடிப்பதற்கு அந்த உறவைத் தவிர வேறு தகுதி அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மூங்கில் பட்டைகளுக்கு சில்வர் பெயிண்ட் அடித்து ஜெயில் கம்பி செய்திருந்தார்கள். கலை விஷயத்தில் எல்லாம் கடைசி நேரத்தில்தான் நடக்கும் என்பதால், நாடகத்தன்று பெயிண்ட் காயவில்லை. கஜபதி கம்பியில் கன்னத்தை வைத்து அழுதார். கம்பிக்கு முத்தம் கொடுத்தார். பிறகு அதே உதட்டால், கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டியிருந்த சாமுண்டீஸ்வரியின் கைகளுக்கும் கொடுத்தார். சில்வர் பெயிண்ட், கிளிசரின், மூக்குச் சளி, அன்று மாலை அவர் தின்ற மசால் வடை எல்லாம் சேர்ந்து அவள் புறங்கையில் ஒரு பூச்சாகப் படிந்தன. அதை முகத்தில் ஒற்றிக்கொண்டு விம்ம வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. ஒற்றிக்கொண்டு விம்மினாள். விம்மலில் பாதி குமட்டல். சபை உருகியது.

"தங்கச்சி, மனுன்னா இன்னான்னு அந்தாளுகிட்ட சொல்லக்கூடாது?" என்று அன்றைக்கு மேக்கப் போட்ட வேம்புலி மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"சொன்னா மறுபடி மொதல்லேர்ந்து எழுதுவாரு அண்ணாத்தே. அத்த யாரு மனப்பாடம் பண்றது?"

அது முழுக் காரணம் அல்ல. நாடகம் முடிந்ததும் குவார்ட்டர்ஸ் பெண்கள் மேடைக்குப் பின்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் தலையிலிருந்த பூவை எடுத்து இவளுக்கு வைத்துவிட்டாள். மறுநாள் பஸ்ஸில் பார்த்தால் அவர்களில் ஒருத்தியும் இவள் பக்கத்தில் உட்காரமாட்டாள் என்பது தெரியும். பொய்யான மரியாதைதான். ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நிஜ மனு வேறு மாதிரி இருந்தது. கைதிகள் ஒரு வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம், பார்க்க வந்தவர்கள் இன்னொரு வலைக் கம்பிக்கு இந்தப் பக்கம், நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவு இடைவெளி. முப்பது பேர் அங்கே, முப்பது பேர் இங்கே, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். மூத்திர நாற்றத்துக்கு நடுவே அவளும் கத்துவாள்: "இன்னா வோணும்? சீக்ரம் சொல்லு, மணி அடிச்சிருவான்!" எதிரிலிருந்து தங்கவேல் கத்துவான்: "பீடி ரெண்டு கட்டு! தேங்கா எண்ணெ! ஊறுகா!" அவள் எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அந்த இரைச்சலில் காதில் விழுந்திருக்காது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள்.

ஒரு நாள் மனுவை நீட்டியபோது வார்டர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"தங்கவேலுக்கு இன்னிக்கி மனு முடிஞ்சிபோச்சும்மா. சம்சாரம் வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்க."

"நான்தான் சார் சம்சாரம்."

"அப்ப போனது யாரு?"

வார்டர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாமுண்டீஸ்வரி வாங்கி வந்த ஊறுகாய் பாட்டிலை மதிலோரம் வைத்துவிட்டு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு மனு பார்க்கப் போகவில்லை. எண்பத்தொன்பதில் தங்கவேல் வெளியே வந்து பூந்தமல்லி வீட்டுக் கதவைத் தட்டியபோது அவள் திறக்கவும் இல்லை. அவன் அம்பத்தூரில் அந்த இன்னொருத்தியோடு இருந்தான். அங்கே சண்டை வந்தால் இங்கே வந்து தட்டுவான். இவள் திறக்கமாட்டாள். அந்த வீடும் அதன் கதவும்தான் அவள் சம்பாதித்தவை. அவன் ஒரு தடவை உள்ளே வந்தால் வெளியே போகமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

தொண்ணூற்று நாலில், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு புராண நாடகம் முடிந்து வேனில் திரும்பும்போது, பேச்சுவாக்கில் உலகநாதன் கேட்டார்: "இப்பமும் மனு போடுதியாம்மா?" அவள் இந்த முறை எல்லாவற்றையும் சொன்னாள். மனு என்றால் என்ன என்பதிலிருந்து மதிலோரம் வைத்த ஊறுகாய் பாட்டில் வரைக்கும். உலகநாதன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவமே! பத்து வருஷமா நான் தப்பால்லா வெளங்கிக்கிட்டேன்!"

பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி யோசிக்க ஆரம்பித்தார். அந்த யோசனையைப் பார்த்து வேம்புலிக்கு அப்போதே பயம் வந்ததாம்.

மறு வருஷம் வந்தது, 'கம்பிக்குள் கண்ணீர்'. அதே இயக்குநர், அதே கஜபதி, அதே மூங்கில் கம்பி. இடையில் அந்தக் கம்பி வள்ளியின் தினைப்புனப் பரணாகவும், ராவணன் வீட்டு ஜன்னலாகவும் இருந்துவிட்டு, புது சில்வர் பெயிண்டோடு மறுபடியும் ஜெயிலாகியிருந்தது. இந்த முறை கணவன் கொலை செய்தவன்தான். ஆனால் அவன்மேல் தப்பில்லை, மனைவிமேல்தான் தப்பு. அவள் சிறையில் அவனைப் பார்க்க வருவதை நிறுத்திவிடுகிறாள். அவன் கம்பியில் தலையை மோதிக்கொள்கிறான். ஏன் நிறுத்தினாள் என்பது நாடகத்தில் இல்லை. மனைவியே மேடைக்கு வருவதில்லை. அவளைத் திட்டுவதற்கு மட்டும் எல்லோரும் வருகிறார்கள்.

சாமுண்டீஸ்வரிக்குத் தாய் வேஷம். முதல் நாடகத்தில் அவள் கணவனாக இருந்த கஜபதி, அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இப்போது அவள் மகன். மீசைக்கு மை போட்டுக்கொண்டு "அம்மா!" என்று கதறினார்.

வசனத் தாள் கைக்கு வந்த அன்று அவள் வேம்புலியிடம் அதைக் கொடுத்து, படிக்கச் சொன்னாள். வேம்புலி எழுத்துக்கூட்டிப் படித்தான்: "மனுவுக்கு வராதவள் மனைவியா? மகனே! அந்த மாபாதகியை மண் மன்னிக்கலாம், மழை மன்னிக்கலாம், மாதா நான் மன்னிக்கமாட்டேன்!"

"இத்த நான் சொல்லணுமாம் அண்ணாத்தே. என் வாயால. என்னிய."

"நாதாரி," என்றான் வேம்புலி. "மனுன்னா இன்னான்னு தெரியாதப்போ உன்ன சாமியாக்குனான். தெரிஞ்சிகினு வந்து பேயாக்கிட்டான். இந்தாளு தெரிஞ்சிக்காமயே இருந்துருக்கலாம் தங்கச்சி."

இரண்டு நாடகங்களையும் ஒப்பிட்டு இதற்குமேல் ஒரு விமரிசகர் என்ன சொல்லிவிடப்போகிறார் என்று தெரியவில்லை.

சாமுண்டீஸ்வரி உலகநாதனிடம் போனாள். "சார், அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு வராம நின்னுட்டான்னு ஒரு வரி வச்சிருங்க சார். அப்பால நான் எப்டி வோணாலும் திட்றேன்."

"அது வேண்டாம்மா. அதச் சொன்னா ஜனங்க ரெண்டு பக்கமும் யோசிப்பாங்க. கண்ணீர் வராது, கேட்டியா?"

அதோடு விட்டிருந்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசியிருப்பாள். இதைவிட அசிங்கமான வசனங்களையெல்லாம் பேசிய வாய்தான். ஆனால் நாடகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேம்புலி ஒரு சேதி கொண்டுவந்தான். கஜபதி ஒயின்ஷாப்பில் தங்கவேலைச் சந்தித்து நண்பராகிவிட்டாராம். உலகநாதன் தங்கவேலுக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறாராம். அவள் அந்த வசனத்தைப் பேசி முடித்ததும், திரை விழுவதற்கு முன்னால், மைக்கில் தங்கவேலை மேடைக்குக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துவைக்கப்போகிறாராம்.

"உசிருள்ள முடிவுன்றான். உன் ஊட்டுக்காரன் பொட்டியக் கட்டிகினு ரெடியாகீறான். அந்த அம்பத்தூர்க்காரி தொரத்திட்டாளாம்."

சாமுண்டீஸ்வரி காறித் துப்பினாள். தெருச் சாக்கடை வரைக்கும் போய் விழுந்தது. ஆக, அந்த வசனம் வெறும் வசனமல்ல. பெரிய அதிகாரிகள் முன்னால், குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி அவளே தன்னைப் பாதகி என்று சொல்லிக்கொண்டால், பிறகு எந்த முகத்தோடு கதவைச் சாத்துவாள்?

நாடகத்தன்று ஆவடியில் ஆலையின் திறந்தவெளி அரங்கில் நல்ல கூட்டம். அதிகாரிகள் பிரம்பு நாற்காலியில், மற்றவர்கள் மணலில். முன்வரிசை ஓரத்தில் தங்கவேல் வெள்ளைச் சட்டையோடு, கொஞ்சம் போதையோடு உட்கார்ந்திருந்தான். கஜபதி கம்பியில் தலையை மோதும்போதெல்லாம், தன் கதையைத்தான் போடுகிறார்கள் என்ற பெருமிதத்தில் வாய்விட்டு அழுதான். குத்துப்பட்டவன் மேடையிலேயே வராததைப் பற்றி அவனுக்கும் வருத்தமில்லை.

தாய் வரும் காட்சி. நரைமுடி டோப்பாவோடு சாமுண்டீஸ்வரி நுழைந்தாள். கம்பிக்குள்ளிருந்து கஜபதி, சில்வர் பூசிய உதடுகளோடு கைகளை நீட்டினார். அந்த வாசனை வந்தது. அவள் கால்கள் தாமாகவே பின்வாங்கின. ஓர் ஆள் நடக்கிற இடைவெளி அளவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"மனுவுக்கு வராதவள்..." என்று படுதாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"இன்னா வோணும்? சீக்ரம் சொல்லு, மணி அடிச்சிருவான்!"

கஜபதி விழித்தார். நாடகத்தில் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. படுதாவுக்குப் பின்னால் உலகநாதன் "மனுவுக்கு, மனுவுக்கு" என்று பல்லைக் கடித்தார். சாமுண்டீஸ்வரி கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு இன்னும் உரக்கக் கத்தினாள்.

"காதுல வுழல? இன்னா வோணும்?"

முன்வரிசையில் தங்கவேல் துள்ளி எழுந்தான். ஏழு வருஷப் பழக்கம், கூடவே கொஞ்சம் சாராயம்.

"பீடி ரெண்டு கட்டு! தேங்கா எண்ணெ! ஊறுகா!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. சாமுண்டீஸ்வரி அவன் பக்கம் திரும்பினாள். இதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வாய்த்த பிறகு விடுகிறவளும் அல்ல.

"இன்னொரு சம்சாரம் கீறாளே, அவ வாங்கியாரலியா?"

"அவ காத்தாலயே வந்து மனு பாத்துட்டுப் போய்ட்டா!" என்று தங்கவேல் கத்தினான். கத்தி முடித்த பிறகுதான் தான் இருப்பது ஜெயிலில் அல்ல என்பது அவனுக்கு உறைத்தது. உட்கார்ந்தான். நாற்காலி சாய்ந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிலர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "அப்ப இவ ஏன் போவா?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது.

சால்வை போர்த்தவில்லை. திரைதான் விழுந்தது, அதுவும் பாதியில் சிக்கிக்கொண்டது.

வேம்புலி அவள் டோப்பாவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உலகநாதன் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று வேம்புலி சீப்பை ஓங்கிக்கொண்டு நின்றான். உலகநாதன் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"ஜி.எம். வீட்டம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? சபையில ஆளப் போட்டு வசனம் பேச வச்சது புதுமைன்னாங்க! நானும் ஆமான்னுட்டேன். சாமுண்டி, அடுத்த வாரம் அம்பத்தூர்ல இதையே வச்சுக்கிடுவோம். உன் வீட்டுக்காரர்ட்டயும் பேசிட்டேன். அவரு அருமையா கத்துதாரும்மா!"

துப்பலாம் என்றாலும் அவள் வாயில் எச்சில்கூடத் திரளவில்லை. இந்த மனிதருக்கு மனுவைத் தப்பாகப் புரிந்தால் ஒரு நாடகம், சரியாகப் புரிந்தால் ஒரு நாடகம், முகத்தில் துப்பினால் அதுவும் ஒரு நாடகம். அவள் அம்பத்தூர் நாடகத்துக்குப் போகவில்லை. வேறொருத்தியை வைத்துப் போட்டார்கள். தங்கவேல் சொன்ன இடத்தில் கத்தினானாம். அன்று ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

ஆவடி நாடகத்துக்கு மறுநாள் காலை தங்கவேல் பூந்தமல்லிக்கு வந்தான். கையில் பெட்டி. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்கு வந்தான்.

"தா சாமுண்டி. ஊரே பாக்க மேடையில நின்னுகினு இன்னா வோணும்னு கேட்ட. நான் சொன்னேன். அவ்ளோதான? இன்னும் இன்னா கோவம்? கதவத் தொற."

அவள் உள்ளேயிருந்து பார்த்தாள். ஜன்னலுக்கு நாலு கம்பி. துருப்பிடித்த, பெயிண்ட் அடிக்காத நிஜக் கம்பி. யார் உள்ளே, யார் வெளியே என்று ஒரு கணம் அவளுக்கே குழப்பமாக இருந்தது. பிறகு அலமாரியிலிருந்து காகிதத்தில் சுற்றிய எதையோ எடுத்துவந்து கம்பிக்கு வெளியே நீட்டினாள். விடிந்ததுமே கடைக்குப் போய் வாங்கி வைத்திருந்தாள். பீடி, ரெண்டு கட்டு.

தங்கவேல் வாங்கிக்கொண்டு சிரித்தான். "தோ பாத்தியா. எனுக்குத் தெரியும். கதவு?"

"உனுக்கு இன்னிக்கி மனு முடிஞ்சிபோச்சி," என்றாள் சாமுண்டீஸ்வரி. "சம்சாரம் வந்து பாத்துட்டுப் போய்ட்டா."

"எந்த சம்சாரம்?"

"அத்தத்தான் வார்டரும் கேட்டாரு," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.